சும்மா இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது: ரைசன் 5600எக்ஸ் ஓவர்க்ளாக்கில் எங்கே தப்பு செய்தேன்?

நள்ளிரவு ரெண்டர்:

எல்லோருக்கும் வணக்கம், மதுரையிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். வீட்டிலேயே ஒரு அறையில் கம்ப்யூட்டரை வைத்து வேலை பார்க்கிறேன். ரைசன் 5 5600எக்ஸ் (ஆறு கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் ஆறு பகுதிகள் உள்ள ப்ராசஸர்), பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் இரண்டு (டிடிஆர்4 3200, டைமிங் சிஎல்16), டவர் கூலர், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). வாங்கியதிலிருந்து எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் ரெண்டர் நேரத்தை (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் நேரம்) குறைக்கலாம் என்று ஓவர்க்ளாக்கில், அதாவது ப்ராசஸரையும் ரேமையும் விற்ற வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், இறங்கினேன். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை) பிபிஓவை (ப்ராசஸரின் மின்சார வரம்பைத் தளர்த்தும் வசதி) ஆன் செய்து லிமிட்டை மதர்போர்டிடமே விட்டேன், பூஸ்ட்டில் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டினேன், கர்வ் ஆப்டிமைசரில் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) எல்லா கோருக்கும் மைனஸ் 30 கொடுத்தேன். ரேமை 3200லிருந்து 3600க்கு ஏற்றினேன், டைமிங் அதே 16, வோல்டேஜ் மட்டும் 1.35லிருந்து 1.40, எஃப்க்ளாக் (ப்ராசஸரின் உள் இணைப்பின் வேகம்) 1800. எல்லாம் ஒரே ராத்திரியில். சினிபெஞ்ச் ஆர்23 (வேகம் அளக்கும் டெஸ்ட்) பத்து நிமிடம் ஓடியது, ஸ்கோரும் ஏறியது. ப்ரைம்95இல் (கடும் கணக்கு கொடுத்து ப்ராசஸரைச் சோதிக்கும் நிரல்) ஸ்மால் எஃப்எஃப்டி என்ற டெஸ்ட்டைப் போட்டுவிட்டுப் படுத்தேன், காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் ஒரு எரர்கூட இல்லை, வெப்பமும் 84 டிகிரியைத் தாண்டவில்லை. சரி, ஸ்டெடியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆனது. கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஏப்ரல் தொடங்கியதிலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு முறை ஆகிறது. விசேஷம் என்னவென்றால் ரெண்டர் ஓடும்போது ஒன்றும் ஆவதில்லை. நான் நெட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதோ, டீ குடிக்க எழுந்து போயிருக்கும்போதோதான் திரை கறுத்து, மறுபடி பூட் ஆகிறது. நீலத்திரை வருவதே இல்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் பதிவேடு) கெர்னல்-பவர் 41 என்று இருக்கிறது. யூபிஎஸ் புதிதாக வாங்கி மாட்டினேன், அப்போதும் அதே கதைதான்.

இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. போன வாரம் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய ஃபோட்டோக்களை ஜிப் செய்து வைத்திருந்தேன், திறக்கும்போது சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை) காட்டியது. ரெண்டர் ஆன ஒரு வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் ஒரே ஒரு ஃப்ரேமில் பச்சைக் கட்டங்கள். மறுபடி ரெண்டர் செய்தால் அந்த இடம் சுத்தமாக வந்துவிட்டது.

வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. வோல்டேஜை இன்னும் ஏற்ற வேண்டுமா, எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டுமா? ப்ரைம்95 ஏழரை மணி நேரம் தாங்கிய கம்ப்யூட்டர் செய்தித்தாள் படிக்கும்போது விழுவது எப்படி என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

---

டர்போ தம்பி:

அண்ணா, 41 என்றால் பவர் பிரச்சினை, எஸ்எம்பிஎஸ் தேய்ந்துபோயிருக்கும், மாற்றிப் பாருங்கள். அதற்கு முன்னால் ரேம் வோல்டேஜை 1.45க்கும் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்கானது) 1.2க்கும் ஏற்றிப் பார்த்தால் செலவில்லாமல் சரியாக வாய்ப்பு இருக்கிறது. எனக்கு 3600 அப்படித்தான் நின்றது.

---

மொட்டைமாடி:

நள்ளிரவு ரெண்டர், எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. இரண்டையும் ஒரே ராத்திரியில் உள்ளே விட்டதால் இப்போது ஒன்றாகப் பின்னிக்கொண்டு தெரிகின்றன.

முதலில் அந்த 41. அதற்கு எஸ்எம்பிஎஸ் என்று அர்த்தம் இல்லை. முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி எழுந்தது என்று மட்டும்தான் விண்டோஸ் அதில் சொல்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் 41தான், ப்ராசஸர் தடுமாறி ரீசெட் ஆனாலும் 41தான். நீங்கள் தேட வேண்டியது அதே ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் லாகில், வீயா-லாகர் என்ற பெயரில் இருக்கும் 18ஆம் எண். அதைத் திறந்தால் கேஷ் ஹையரார்க்கி எரர் (ப்ராசஸரின் உள் நினைவகமான கேஷில் தப்பு) என்றும், கீழே ப்ராசஸர் ஏபிஐசி ஐடி என்று எந்தக் கோர் எனக் காட்டும் ஒரு எண்ணும் இருக்கும். ப்ராசஸருக்குள் சரிசெய்ய முடியாத தப்பு நேர்ந்தால் அந்தக் கணமே ரீசெட் ஆகிவிடும், நீலத்திரை போட விண்டோஸுக்கு அவகாசமே கிடைக்காது. அடுத்த பூட்டில்தான் அந்தக் குறிப்பு லாகில் ஏறும். அதனால்தான் உங்களுக்குத் திரை கறுத்து நேராக பூட் ஆகிறது.

ப்ரைம்95 தாங்கியது பேப்பர் படிக்கும்போது ஏன் விழுகிறது என்று கேட்டீர்கள் அல்லவா, அதுதான் இதில் எல்லோரும் ஏமாறும் இடம், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இந்த ப்ராசஸர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு வோல்டேஜ் என்று தொழிற்சாலையிலேயே ஒரு வளைகோடு எழுதி அனுப்புகிறார்கள். ஸ்மால் எஃப்எஃப்டி ஓடும்போது ஆறு கோரும் முழு பாரத்தைச் சுமக்கின்றன, கரண்ட் அதிகம், சூடு அதிகம், அதனால் வேகம் 4.4, 4.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி நிற்கும். அதாவது வளைகோட்டின் நடுப்பகுதியில். நீங்கள் ஒரு வெப் பக்கத்தைத் திறக்கும்போது ஒரே ஒரு கோர் உறக்கத்திலிருந்து எழுந்து, உச்சிக்குப் பாய்ந்து, வேலையை முடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. 5600எக்ஸின் சொந்த உச்சி 4650 மெகாஹெர்ட்ஸ், நீங்கள் 200 கூட்டியதால் 4850. அந்த 4850ஐ உங்கள் ஏழரை மணி நேர டெஸ்ட் ஒரு விநாடிகூடத் தொட்டிருக்காது. கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 என்றால் 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை குறைத்துவிட்டு, இதுவரை போகாத உயரத்துக்கும் ஏறச் சொல்கிறீர்கள். ஏதோ ஒரு கோருக்கு அது பற்றவில்லை, அவ்வளவுதான்.

அதிலும் எல்லா கோரும் ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொரு சிப்பிலும் இரண்டு கோர்களை மிகச் சிறந்தவை என்று குறித்து வைத்திருப்பார்கள், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலில் பார்க்கலாம். சிறந்தது என்பதாலேயே அவற்றுக்கு ஏற்கெனவே குறைந்த வோல்டேஜ்தான் எழுதப்பட்டிருக்கும், மேலும் குறைக்க இடம் கொஞ்சம்தான். விண்டோஸ் தனி வேலைகளை முதலில் அனுப்புவதும் அவற்றுக்குத்தான். எல்லா கோருக்கும் மைனஸ் 30 என்பது முதலில் விழவைப்பது அவற்றையே.

இதைப் பிடிக்க கோர்சைக்ளர் என்று ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கிறது, இலவசம். உள்ளே ப்ரைம்95தான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும், சூடு குறைவான எஸ்எஸ்இ முறையில் ஓட்டும். சூடு குறைவாக இருப்பதால் அந்தக் கோர் உச்சி வேகத்திலேயே நிற்கும். தப்பு வந்தால் எந்தக் கோர் என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரு ராத்திரி ஓட்டுங்கள், காலையில் பதில் இருக்கும்.

அப்புறம் ரேம். ஸ்மால் எஃப்எஃப்டி முழுக்க ப்ராசஸரின் கேஷுக்குள்ளேயே அடங்கிவிடும், ரேமை அது தொடவே இல்லை என்று சொல்லிவிடலாம். அதாவது உங்கள் ரேம் ஜனவரியிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை. ஜிப்பில் சிஆர்சி எரர், பச்சைக் கட்டங்கள், மறுபடி ரெண்டர் செய்தால் சரியாவது, இது மூன்றும் என் கண்ணுக்கு ரேம் என்றே தெரிகிறது. நிச்சயமாகச் சொல்ல டெஸ்ட் ஓட்ட வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. பயாஸில் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோங்கள், எக்ஸ்எம்பியும் (ரேம் தயாரித்தவர் குறித்த வேகத்தை ஆன் செய்யும் செட்டிங்) ஆஃப். முகூர்த்த வேலையை அதில் முடியுங்கள். ஒரு வாரம் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், கரண்ட் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பிறகு ப்ராசஸர் டீஃபால்ட்டில் இருக்கும்போது ரேமை மட்டும், ரேம் டீஃபால்ட்டில் இருக்கும்போது ப்ராசஸரை மட்டும். ஒரு சமயத்தில் ஒரு திருகைத்தான் திருப்ப வேண்டும்.

டர்போ தம்பி, உங்கள் சிஸ்டம் 1.45இல் நின்றது நல்லதுதான், ஆனால் எங்கே ஓட்டை என்று தெரியாமல் எல்லா இடத்திலும் வோல்டேஜ் ஏற்றச் சொல்லாதீர்கள். இவருக்கு எஸ்ஓசியில் எந்த அறிகுறியும் இல்லை.

---

டர்போ தம்பி:

சரி அக்கா, புரிந்தது. 41ஐ நான் இவ்வளவு நாளும் பவர் எரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம், அவர் டைமிங்கை 16இலேயே வைத்திருக்கிறாரே, எண் மாறவில்லை என்றால் ரேமுக்குச் சுமை கூடவில்லை என்றுதானே அர்த்தம்?

---

மொட்டைமாடி:

இல்லை தம்பி, நல்ல கேள்வி. அந்த 16 என்பது நேரம் அல்ல, க்ளாக் துடிப்புகளின் எண்ணிக்கை. 3200இல் ஒரு துடிப்பு 0.625 நானோவிநாடி, 16 துடிப்பு என்றால் 10 நானோவிநாடி. 3600இல் துடிப்பு சிறியதாகிவிடுகிறது, அதே 16 இப்போது 8.9 நானோவிநாடிதான். 10இல் பதில் சொல்லும் என்று விற்கப்பட்ட சிப்பை 8.9இல் பதில் சொல்லச் சொல்கிறோம். 3600இல் சிஎல்18 வைத்தால் மறுபடி அதே 10 வந்துவிடும். 0.05 வோல்ட் கூடக் கொடுத்தால் சில சிப்புகள் சமாளிக்கும், சில சமாளிக்காது. பெட்டியின் மேல் ஒரே பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறு வேறாக இருக்கும், அதனால் உங்களுக்கு நின்றது அவருக்கு நிற்க வேண்டியதில்லை.

---

பழைய சால்டரிங்:

மொட்டைமாடி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேறு ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். ரீஸ்டார்ட்டைவிட அந்த ஜிப் ஃபைல்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கேள்வியில் அதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், நான் அதை முதல் வரியாக வைப்பேன்.

ரீஸ்டார்ட் ஆனால் நமக்குத் தெரியும். ரேம் தப்பு அப்படித் தெரிவதில்லை. நீங்கள் கேமரா கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு ஃபைலை காப்பி செய்கிறீர்கள். அது கார்டிலிருந்து ரேமுக்கு வந்து, ரேமிலிருந்துதான் டிஸ்க்குக்குப் போகிறது. இடையில் ஒரு பிட் புரண்டால் புரண்டதையே டிஸ்க் பத்திரமாக எழுதிக்கொள்ளும், அதன் கணக்குக்கு எல்லாம் சரி. நம் வீட்டு டிடிஆர்4 ரேமில் இசிசி (தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் வசதி) கிடையாது, நடுவில் யாரும் சரிபார்ப்பதில்லை. ஜிப் ஃபைலுக்குள் சிஆர்சி என்று ஒரு சரிபார்ப்பு எண் இருப்பதால் அது கத்திவிட்டது. சாதாரண வீடியோ ஃபைல் கத்தாது, ஆல்பம் போட எடுக்கும் அன்றுதான் தெரியும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் ரேமை ஏற்றி வைத்திருந்த சமயத்தில், அப்பா எடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்து ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்கு மாற்றினேன். மாற்றியதும் பழைய டிஸ்கை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து அக்கா ஒரு படம் கேட்டார், திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். தேடிப் பார்த்ததில் பதினோரு படங்கள் அப்படி. ஏழு படங்களுக்கு மூலப் பிரிண்ட் இருந்தது, மறுபடி ஸ்கேன் செய்தேன். நான்கு போனது போனதுதான், அதில் ஒன்று பாட்டியின் அறுபதாம் கல்யாணப் படம். அந்தக் கம்ப்யூட்டர் அந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட ஹேங் ஆனதில்லை.

அதனால் ஜனவரிக்குப் பிறகு நீங்கள் காப்பி செய்த, ரெண்டர் செய்த எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். கேமரா கார்டுகளை இன்னும் அழிக்கவில்லை என்றால் தயவுசெய்து அழிக்காதீர்கள். டீஃபால்ட்டுக்குப் போன பிறகு, கார்டில் இருக்கும் ஃபைலுக்கும் டிஸ்கில் இருக்கும் ஃபைலுக்கும் ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிடுங்கள், விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் கட்டளையில் செய்யலாம். ஜிப்புகளை செவன்ஜிப்பில் டெஸ்ட் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் ஃபைல்களும் கெட்டிருக்கலாம், எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

இன்னொன்று, வெயில். உங்கள் ப்ராப்ளம் ஏப்ரலில் கூடியதற்குக் காரணம் இருக்கிறது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்ன கெப்பாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம். அது தானாகக் கசிந்துகொண்டே இருக்கும், அதனால் 64 மில்லிவிநாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். 85 டிகிரிக்கு மேல் போனால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று டிடிஆர்4 தரத்திலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் ரேம் அந்தச் சூட்டுக்குப் போயிருக்காது, ஆனால் டைமிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும்போது அதற்கு வெகு கீழேயே தடுமாற ஆரம்பிக்கும். மார்கழி ராத்திரியில் பாஸ் ஆன செட்டிங் கத்திரி வெயிலில் பாஸ் ஆகும் என்று சொல்ல முடியாது. ரேம் டெஸ்ட்டை மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல், கேபினட் மூடி போட்டபடி ஓட்டுங்கள். முதலில் அரை மணி நேரம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை கொடுத்து உள்ளே நன்றாகச் சூடேற்றிவிட்டு ஓட்டினால் இன்னும் நல்லது, ரெண்டர் நேரத்தில் இருக்கும் நிலைமை அதுதானே.

டெஸ்ட்டுக்கு மெம்டெஸ்ட்86 யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து நான்கு பாஸ், அது முடிந்ததும் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5. இரண்டாவதுதான் கடுமையானது. இரண்டிலும் ஏற்கத்தக்க எரர் எண்ணிக்கை பூஜ்ஜியம். ஒன்றுதானே வந்தது என்று விடாதீர்கள்.

---

ரிச்சி தெரு 98:

பழைய ஆள் நான், கொஞ்சம் பழைய கதை சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1998இல் இன்டெலின் மலிவு ப்ராசஸர் செலரான் 300ஏ வந்தது. மல்டிப்ளையர் 4.5, பஸ் 66 மெகாஹெர்ட்ஸ், இரண்டையும் பெருக்கினால் சுமார் 300. பஸ்ஸை 100க்கு மாற்றினால் 450. பாதி விலைக்கும் குறைவான சிப்பில் அன்றைய உயர்ந்த பென்டியம் 2 வேகம். சென்னை ரிச்சி தெருவில் அதைத் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஐம்பது சதவீதம் இலவசமாகக் கிடைத்தது, அதற்காகச் சிரமப்பட்டதில் நியாயம் இருந்தது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். 4650லிருந்து 4850 என்பது 4.3 சதவீதம், அதுவும் ஒரு கோர் வேலையில் மட்டும். உங்கள் ரெண்டரில் ஆறு கோரும் ஓடும்போது அந்த 4850 வரவே வராது. சிப் தயாரிப்பவர்களே கடைசித் துளிவரை பிழிந்துதான் அனுப்புகிறார்கள். பிபிஓவும் கர்வ் ஆப்டிமைசரும் உங்களுக்குத் தருவது முழு பாரத்தில் கொஞ்சம் வேகமும் கொஞ்சம் சூட்டுக் குறைவும். அதை வைத்துக்கொள்ளுங்கள், 200ஐ எடுத்துவிடுங்கள். என் யோசனை அதுதான்.

வோல்டேஜை ஏற்றுவது பற்றி டர்போ தம்பிக்கு ஒரு வார்த்தை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளுக்கு நடந்ததைப் படித்திருப்பீர்கள். அங்கே யாரும் ஓவர்க்ளாக் செய்ய வேண்டியதுகூட இருக்கவில்லை, சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டது, மாதக்கணக்கில் உள்ளே தேய்ந்தது, பிறகு கேம்கள் வீடியோ மெமரி போதவில்லை என்று சம்பந்தமில்லாத எரரைக் காட்டி விழுந்தன. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோடு (சிப்புக்கான திருத்தம்) விட்டார்கள், வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள், தேய்ந்தது தேய்ந்ததுதான். இன்று நிற்கிறது என்பதற்காக ஏற்றும் வோல்டேஜுக்கு விலை பின்னால் வரும்.

ப்ரைம்95ஐ யாரும் குறைத்து எண்ண வேண்டாம். அது 1996லிருந்து பகா எண்களைத் தேடும் நிரல், விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ஒப்பிடுவதால்தான் டெஸ்ட்டாகப் பயன்படுகிறது. 2016 ஜனவரியில் ஸ்கைலேக் சிப்புகள் ஓவர்க்ளாக் இல்லாமலே ஹேங் ஆவதைக் காட்டிக்கொடுத்தது அதில் ஓடிய ஒரு கணக்குதான், இன்டெல் ஒப்புக்கொண்டு பயாஸ் மூலம் சரிசெய்தது. கருவியில் குறை இல்லை, நள்ளிரவு ரெண்டர் ஒரே ஒரு வகை டெஸ்ட்டை மட்டும் ஓட்டினார். பிளெண்ட் அல்லது லார்ஜ் எஃப்எஃப்டி போட்டிருந்தால் ரேமும் மாட்டியிருக்கும்.

---

நள்ளிரவு ரெண்டர்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், இடையில் பதில் போடாததற்கு மன்னிக்கவும். பழைய சால்டரிங் அண்ணா எழுதியதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, முதல் வேலையாக பயாஸை டீஃபால்ட் செய்துவிட்டு ஃபைல்களைத்தான் பார்த்தேன்.

முதலில் ரீஸ்டார்ட். லாகில் தேடினேன், வீயா-லாகர் 18 மொத்தம் ஒன்பது முறை பதிவாகியிருக்கிறது. ஏபிஐசி ஐடி ஏழு முறை 4 அல்லது 5, இரண்டு முறை 10. ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் (வேலை வரிசை) என்பதால் பாதியாக்கினால் கோர் 2, கோர் 5 (பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும்போது). எச்டபிள்யூஇன்ஃபோவில் பார்த்தால் சிப்பின் மிகச் சிறந்த கோர் 2தான், அடுத்தது 5. அக்கா சொன்னது அப்படியே. டீஃபால்ட்டில் எட்டு நாள் ஓட்டினேன், ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை, எஸ்எம்பிஎஸ் பிழைத்தது.

பிறகு ரேமை டீஃபால்ட்டிலேயே விட்டு, பழைய ப்ராசஸர் செட்டிங்கை மட்டும் திரும்பக் கொடுத்து கோர்சைக்ளர் ஓட்டினேன். கோர் 2 நாற்பது விநாடியில் விழுந்தது, ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குள் என்று ப்ரைம்95 கணக்குப் பிழை காட்டியது. ஏழரை மணி நேரம் பாஸ் ஆன அதே ப்ரைம்95 நாற்பது விநாடியில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வளைகோடு விஷயம் மண்டையில் ஏறியது. 200ஐ எடுத்துவிட்டேன். இப்போது கோர் 2க்கு மைனஸ் 8, கோர் 5க்கு மைனஸ் 16, மற்ற நான்குக்கும் மைனஸ் 25. இரண்டு ராத்திரி முழுக்க ஓட்டினேன், சுத்தம். நடுவில் கோர் 2க்கு மைனஸ் 12 வைத்தபோது மூன்று மணி நேரம் தாங்கிவிட்டு அப்புறம் விழுந்தது, ஒரு மணி நேரத்தில் நிறுத்தியிருந்தால் பாஸ் என்றே நினைத்திருப்பேன்.

ரேம்தான் கண்ணைத் திறந்தது. ப்ராசஸரை டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோய், 3600 செட்டிங்கில் ராத்திரி பத்து மணிக்கு டெஸ்ட்மெம்5 ஓட்டினேன், எரர் இல்லை. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, சொன்னபடி கிராஃபிக்ஸ் கார்டைச் சூடேற்றிவிட்டு ஓட்டினேன், பதினேழாவது நிமிடத்தில் முதல் எரர், முக்கால் மணி நேரத்தில் ஆறு. அறையில் 37 டிகிரி. செட்டிங்கில் எதையும் தொடவில்லை, மாறியது வெயில் மட்டும்தான்.

எக்ஸ்எம்பி 3200க்கே திரும்பிவிட்டேன். மெம்டெஸ்ட்86 நான்கு பாஸ், மதிய டெஸ்ட்மெம்5 இரண்டு நாள், எல்லாம் பூஜ்ஜியம். ஒரே புராஜெக்ட்டை இரண்டு செட்டிங்கிலும் ரெண்டர் செய்து நேரம் பார்த்தேன். பழைய முழு ஓவர்க்ளாக்கில் 1 மணி 52 நிமிடம், இப்போது 1 மணி 55 நிமிடம். மூன்று நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஃபைல்கள் விஷயம். ஜனவரிக்குப் பிறகு செய்தவை பதினான்கு கல்யாணம். ஒன்பதுக்குக் கார்டு அல்லது இரண்டாவது கேமராமேனின் காப்பி இருந்தது, எல்லாவற்றுக்கும் ஹேஷ் எடுத்து ஒப்பிட்டேன். மூன்று ஃபைல்கள் பொருந்தவில்லை, அந்த மூன்றையும் கார்டிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டேன். மற்ற ஐந்துக்கும் ஒப்பிட ஒன்றும் இல்லை, அதனால் வீடியோவை முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று முடிந்தது, ஒன்றில் மட்டும் இரண்டு இடத்தில் கட்டங்கள் இருந்தன. அந்த வீட்டாருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டு, சரிசெய்த காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. 3600ஐ சிஎல்18இல் வைத்து 1.35 வோல்ட்டில் முயலலாமா, இல்லை தொடாமலே விட்டுவிடலாமா?

---

மொட்டைமாடி:

ஹேஷ் எடுத்து ஒப்பிட்டதற்கும் அந்த வீட்டாருக்கு நீங்களே போன் செய்ததற்கும் ஒரு கைகுலுக்கல்.

சிஎல்18இல் 3600 உங்கள் ரேமில் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, எஃப்க்ளாக் 1800 பெரும்பாலான 5600எக்ஸுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் வைகாசி முடியட்டும். முயலும்போது மற்ற டைமிங்குகளை மதர்போர்டிடமே விட்டுவிடுங்கள், கேபினட்டின் முன்பக்கம் ஒரு ஃபேன் கூட மாட்டினால் ரேமுக்குக் காற்று போகும். டெஸ்ட் முழுசாக முடியும்வரை கார்டிலிருந்து எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் காப்பி செய்யாதீர்கள்.

---

பழைய சால்டரிங்:

கர்வ் ஆப்டிமைசர் எண்களை ஒரு தாளில் எழுதி கேபினட் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும், அப்டேட்டுக்குப் பிறகு அதே எண்ணைக் கொடுத்தாலும் கோர்சைக்ளரை மறுபடி ஒரு ராத்திரி ஓட்ட வேண்டும். மீதி இரண்டு வீடியோவில் ஏதாவது கிடைத்தால் இங்கே எழுதுங்கள்.

---

நள்ளிரவு ரெண்டர்:

எழுதி ஒட்டிவிட்டேன் அண்ணா. நான்காவது வீடியோ இன்று பார்த்து முடித்தேன், சுத்தமாக இருக்கிறது. ஐந்தாவது நாளை.